துண்டு முதல் மனு வரை: சப்ரகமுவத் தோட்டங்களில் முதியோர் கல்வி

1907ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் கிராமப் பாடசாலைகள் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டின் எட்டாம் இலக்கச் சட்டம் அது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயது முதல் பத்து வயது வரை, தாய்மொழியிலே எழுத்தறிவு கிடைக்க வழி செய்வது தோட்டத் துரையின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. ஆறு முதல் பத்து! பதினோராம் வயதிலே அந்தப் பிள்ளை என்ன ஆகிறது? கொழுந்துக் கூடையோ பால் வாளியோ அதன் கைக்கு வந்து சேர்கிறது. அதைப் பெற்ற தாய் தந்தையர் என்ன ஆவர்? அவர்களைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1908 ஜனவரியில், இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற பஞ்சாலை நகரிலே ஒரு வகுப்புத் தொடங்கிற்று. 1903இல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் நிறுவிய தொழிலாளர் கல்விச் சங்கம் அந்த வகுப்பை நடத்தியது. ஆசிரியர் ஆர். எச். டோனி. பிற்காலத்தில் பொருளாதார வரலாற்றறிஞராக உலகப் புகழ் பெற்றவர். சனிக்கிழமைப் பிற்பகலில், ஆலை மூடிய பிறகு, நெசவாளரும் நூற்பாளரும் வந்து அமர்ந்து பொருளாதார வரலாறு கற்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ரொச்டேல் தொழிலாளியையும் கேகாலைத் தோட்டத்துத் தொழிலாளியையும் ஆண்டது ஒரே சாம்ராச்சியந்தான். இலண்டனிலே பதிவான இறப்பர்க் கொம்பெனிகள் கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1910இல் இறப்பர் விலை வானளாவ ஏறிற்று. இலாபம் கடல் கடந்து போயிற்று. டோனியின் வகுப்பு மட்டும் கடல் கடந்து வரவில்லை.

ஆனால் தோட்டத்து முதியவர்களைத் தேடிக் காகிதங்கள் வரத் தவறியதில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் முதியோர் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோன், பள்ளிக்கூடங்களின் கதையைவிட இந்தக் காகிதங்களின் கதையையே முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

முதற் காகிதம் 'துண்டு'. இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இத்தனை ரூபாய் கடன் இருக்கிறது, அதைத் தீர்ப்பவரிடம் ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரை பணத்தைக் கட்டுவான். கூட்டம் முழுவதும் கடனோடு இடம் மாறும். கடன் யாருடையது? தொழிலாளியினுடையது. எத்தனை ரூபாய்? அது துண்டிலே எழுதியிருந்தது. தொழிலாளிக்கு அதை வாசிக்கத் தெரியாது. பற்று எழுதுபவன் கங்காணி, கூட்டிப் பார்ப்பவன் கணக்கப்பிள்ளை, கைநாட்டு வைப்பவன் மட்டுமே கடனாளி. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒரு தலைமுறைத் தொழிலாளருக்குக் கணக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால், அம்முறை அதற்கு முன்னரே ஆட்டம் கண்டிருக்கும் என்பது என் எண்ணம்.

இதைச் சொல்லும்போது, தோட்டத்து மனிதனை அறிவிலி என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கர் கதையையும் விடிய விடியப் பாடி ஆடியவர்கள் அந்த லயத்து மனிதர்களே. ஏட்டைத் தொடாமல் பல நூறு அடிகளை நெஞ்சிலே தாங்கியவர்கள் அவர்கள். கற்கும் ஆற்றலுக்கு அங்கே பஞ்சம் இருந்ததில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம்.

தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். முழுநாள் உழைத்தால் ஒரு பேர். துரைக்கு மனமில்லையானால் அரைப் பேர். விடியுமுன் தப்பு அடித்ததும் பெரட்டுக்களத்தில் நின்று, மாலையில் செக்ரோலிலே பேர் விழுந்ததா என்று கேட்டறிந்து வீடு திரும்பியவர்களுக்கு, அந்தச் செக்ரோலில் தம் சொந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாது. பேருக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தும் பெயரை எழுத அறியாதவர்களாகவே அவர்கள் வைக்கப்பட்டார்கள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? லயத்தின் கோடிக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பல தோட்டங்களில் அவருக்கு வேறு ஊழியமும் உண்டு. கோப்பிக் காலத்திலே, 1854 முதல், கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த உபதேசிமார் தோட்டந்தோறும் சென்று பள்ளிகள் வைத்ததையும் இங்கே நன்றியோடு குறிக்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட முதலாளியின் பொறுப்பைச் சற்று இறுக்கியது. வயது வந்தவர்களின் நிலையிலோ மாற்றம் எதுவும் இல்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது அரசியல். தஞ்சை மண்ணிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துரைமார் தடுத்த தோட்டங்களுக்குள்ளே புடைவை வியாபாரியைப் போல வேடம் தரித்து நுழைந்தார் என்பது மலையகம் நன்கறிந்த கதை. 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் அச்சிட்டுப் பரப்பினார்கள். சிறு புத்தகம், சில சதம் விலை, பழகிய மெட்டு. எழுத்தறிந்த ஒருவன் வாசிக்க, மற்றவர்கள் மனனம் செய்துகொண்டார்கள். அதுவே அந்நாளைய முதியோர் வகுப்பு. கரும்பலகையும் வரவுப் பதிவேடும் இல்லாத அந்த வகுப்பிலேதான் குறைந்தபட்சச் சம்பளம் என்ற சொல்லைத் தொழிலாளி கற்றான்.

அதே 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வஜன வாக்குரிமை வந்தது. எல்லோருக்கும் வந்தது என்கிறோம். இந்திய வம்சாவளியினருக்கோ வாசல்கள் வேறாக இருந்தன. இந்த நாட்டையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டதை நிரூபிக்க வேண்டும். அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அல்லது எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதோடு வருமானமோ சொத்தோ காட்ட வேண்டும். எழுத்தறிவு வாக்குரிமையின் வாசற்படியாக வைக்கப்பட்டது. அந்தப் படியை எட்டும் ஏணியோ தோட்டத்தில் எங்கும் சாத்தி வைக்கப்படவில்லை. இருந்தும் 1939ஆம் ஆண்டளவில் சுமார் 2,25,000 இந்தியத் தமிழர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருந்தனர். அந்த வளர்ச்சியைக் கண்டே பலர் அஞ்சினர்.

கேகாலை மாவட்டத்து உந்துகொடைப் பக்கத்தில் நேவ்ஸ்மியர் என்ற தோட்டம் இருந்தது. 1946இல் அரசாங்கம் அதைச் சுவீகரித்தது, நிலமற்ற கிராமத்தவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக. நிலமற்ற சிங்கள விவசாயியின் தாகம் பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிச் சீமையின் விவசாயி இழந்தது கொஞ்சமன்று. ஆயினும் அந்தத் தாகத்தைத் தீர்க்க எடுத்தது தொழிலாளியின் காம்பராவை. வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. இரண்டாவது காகிதம் அது. தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறிக் குடியிருந்ததாக அவர்கள்மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. வழக்கு ஒன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தன் வீட்டிலே தொடர்ந்து வாழ விரும்பியவனின் எண்ணம் பிறருக்குத் தொல்லை கொடுப்பதன்று என்று கண்டு, 1950இல் அந்நீதிமன்றம் தண்டனையை இரத்துச் செய்தது. உந்துகொடை லயத்திலிருந்து இலண்டன் வரை! அந்த வழக்குக் கட்டிலே இருந்த ஒரு பக்கத்தையாவது அந்த லயத்தவர்கள் வாசித்திருப்பார்களா?

தீர்ப்பு வந்த காலத்திலோ அதனினும் கொடிய மூன்றாவது காகிதம் வந்து சேர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமோ, உரிமை வேண்டுவோர் மனுச் செய்க என்றது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டிலே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். கடைசி நாள் 1951 ஆகஸ்டு 5. மனுச் செய்வதில்லை என்று முதலிலே பகிஷ்கரித்திருந்த இந்தியர் காங்கிரஸ் பின்னர் அம்முடிவை மாற்றிக்கொண்டது. அதனால் இறுதி மாதங்களில் சங்கக் காரியாலயங்கள் மனு எழுதும் கூடங்களாயின. ஏறத்தாழ 2,37,000 மனுக்கள். அவற்றினுள்ளே சுமார் 8,25,000 மனிதர்கள்.

எழுதத் தெரிந்த ஒருவனைச் சுற்றி எழுதத் தெரியாத நூறு பேர். பிறந்த ஆண்டு என்ன? பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருடம். எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தது? முதலில் எட்டியாந்தோட்டைப் பக்கம், பிறகு தெரணியகலை, பிறகு இங்கே. சான்று? செக்ரோல் பழைய துரையின் காலத்தோடு போயிற்று. இப்படிப்பட்ட வாழ்க்கைகளை அச்சடித்த கட்டங்களுக்குள் அடைப்பது எளிதா? ஒரு பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறுதாளில் வேறுவிதமாகவும் விழுந்தது. மேலும் சான்று கேட்டு அதிகாரியிடமிருந்து கடிதம் வரும். குறித்த கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் மனு தள்ளுபடி. 1964 வரையில் உரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. மற்றவர்களைத் தள்ளியது அரசின் கொள்கையே, அதில் ஐயமில்லை. ஆனால் கொள்கைக்கு வசதியான கருவியாக அமைந்தது எழுத்தறியாமை.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவத் தோட்டங்களில், தமிழ் படித்தவனும் அரசாங்கக் கடிதத்தின் முன் கைநாட்டுக்காரனானான். 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மனு, மறுபடியும் மனு. 1960களின் தொடக்கத்தில் மற்றப் பாடசாலைகளை ஏற்ற அரசு தோட்டப் பாடசாலைகளை ஒதுக்கி விட்டது. அவற்றை ஏற்கத் தொடங்கியது 1970களிலேதான். 1977லும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலே வன்முறை புகுந்தது. லயங்கள் எரிந்தன. வவுனியா வரை ஓடியவர்களின் மூட்டைகளில் இருந்த காகிதங்களும் எரிந்தன.

இங்கிருந்து கப்பலேறியவர்களிலே பலர் சென்று சேர்ந்த புதுக்கோட்டையிலே, 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அந்த மாவட்டத்துப் பெண்கள் அரிச்சுவடியோடு சைக்கிளும் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகக் கூடி, குவாரிக் குத்தகையைத் தம் பெயரிலேயே எடுத்தார்கள். கற்ற எழுத்து மறுநாளே கையில் ஒரு பத்திரமாகப் பயன்பட்டது. சப்ரகமுவத்துக்கு ரொச்டேலைவிட இந்த முன்மாதிரியே பொருத்தம் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 1990களிலே எழுந்த சமுதாயக் கல்லூரிகளும் பள்ளியை இடையில் விட்டவர்களைச் சான்றிதழ் கேளாமல் உள்ளே அழைத்தன.

காகிதங்கள் இன்றும் ஓயவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்வோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் எளிய பிரகடனத்தின் மூலம் பிரசாவுரிமை வழங்கியது. நடமாடும் நிலையங்கள் வைத்து, பத்தே நாட்களில் சுமார் 1,90,000 பேருக்கு அதைப் பெற்றுக் கொடுத்தார்கள். மனம் இருந்தால் படிவம் எத்தனை சிறிதாகிவிடுகிறது பாருங்கள்! ஆயினும் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டு இளைப்பாறும் பெண், செக்ரோலிலே இராமாய், அடையாள அட்டையிலே ராமாயி, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்று மூன்று பெயர்களோடு அலைகிறாள். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி வந்தால், அதை வாசித்துச் சொல்ல மகனின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்கிறாள். தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்கும் புதிய ஏற்பாடுகளில் கம்பெனி நீட்டும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியவள் அவளே.

இவளுக்கு வேண்டிய தொடர்கல்வி வகுப்பை எந்நேரத்தில் வைப்பது? இறப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கும். நடுப்பகல் கழிந்ததும் பால் நிறுத்துக் கொடுத்து முடிந்துவிடும். மூன்று மணிக்கு வகுப்பு வைத்தால் பெண்கள் வர முடியும். இரவு ஏழு மணிக்கு வைத்தால் அடுப்பும் பிள்ளையும் அவர்களை விடா. ஆண்கள் மட்டுமே வருவர். இரவுப் பாடசாலை என்ற பழைய பெயரை நாம் விட்டுவிடுவது நல்லது. தேயிலைத் தோட்டத்திலே இது கடினம். அங்கே கிழமைக்கு ஒரு பிற்பகலைச் சம்பளத்தோடு விடுவிக்கும்படி சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். சம்பள உயர்வுக்குக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கையாவது இதற்கும் கொடுக்கலாம்.

இடத்துக்குக் குறைவில்லை. தோட்டத்துப் பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கலைந்து, மறுநாட் காலை வரை பூட்டிக் கிடக்கிறது. முதல் நாள் அரிச்சுவடியை எடுக்க வேண்டியதில்லை. அவரவர் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் வரும்படி, எழுதிப் பழகத் தொடங்கலாம்.