உப்புக் காற்றுக்கு வந்த கீல்

விரலால் தூக்கினால் எழ வேண்டும். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். பேருந்தில் மடியில் வைத்துத் தட்டினாலும் திரை முன்னும் பின்னும் ஆடக் கூடாது. மடிக்கணினியின் மூடியையும் உடலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு கீல்களிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான். வீட்டுக் கதவின் கீலிடம் இப்படி எதையும் கேட்பதில்லை. அது தடையின்றித் திரும்பினால் போதும். கிறீச்சிட்டால் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். மடிக்கணினிக் கீலுக்கோ உராய்வுதான் தொழில். எவ்வளவு உராய்வு, அது எத்தனை வருடம் மாறாமல் இருக்கும் என்பதில்தான் அதை வடிவமைப்பவரின் திறமை இருக்கிறது.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடியின் எடை 450 கிராம், அந்த எடையின் மையம் கீலிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடி ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும்போது கீலைத் திருகும் விசை சுமார் 5 கிலோ-சென்டிமீட்டர். நிமிர நிமிர அது குறைந்து, நேர்க்குத்தாக நிற்கும்போது ஒன்றுமில்லாமல் போகும். பின்பக்கம் சாய்த்தால் மறுபடி ஏறும். இரண்டு கீல்களும் சேர்ந்து 5-க்கு மேல் பிடித்தால்தான் மூடி எந்தக் கோணத்திலும் தானாகச் சரியாமல் நிற்கும். மேலேயும் ஓர் எல்லை உண்டு. கீழ்ப்பகுதி 1.2 கிலோ, அதன் மையமும் 11 சென்டிமீட்டரில் என்றால், பிடிப்பு 13-ஐத் தாண்டியதும் மூடியைத் தூக்கும்போது உடலும் கூடவே எழுந்துவரும். ஒரு கையால் திறக்க முடியாது. இந்த 5-க்கும் 13-க்கும் நடுவில், கீலுக்கு 4 வீதம் மொத்தம் 8 என்று வைத்தால் நிம்மதி. ஆனால் கணினி மெலிய மெலிய உடலின் எடை குறைகிறது, மேல் எல்லை கீழே இறங்குகிறது. கீலுக்குக் கிடைக்கும் இடைவெளி வருடா வருடம் குறுகிக்கொண்டே வருகிறது.

உள்ளே இருப்பது மிக எளிமையான அமைப்பு. ஓர் எஃகுத் தண்டு, அதில் வரிசையாகக் கோத்த வாஷர்கள். ஒன்று தண்டோடு சேர்ந்து சுழலும். அடுத்தது தாங்கியில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இப்படி மாறி மாறி. வரிசையின் முனையில் நடுப்பகுதி குழிந்த சில வாஷர்கள் இருக்கும். நட்டை முறுக்கினால் அவை தட்டையாகும். ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் மொத்த அடுக்கையும் நெருக்கி உராய்வைத் தருகிறது. பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் பெல்வில் 1867-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. இன்றும் பெல்வில் வாஷர் என்றே அழைக்கிறார்கள். வாஷர் முகங்களில் சிறு குழிகளோ துளைகளோ போட்டிருப்பார்கள். கிரீஸ் தங்குவதற்கான இடம் அது. உராய்வை நம்பி வாழும் பொருளுக்குள் கிரீஸ் எதற்கு? அது இல்லாவிட்டால் எஃகு எஃகைச் சுரண்டித் தின்றுவிடும். இன்று 4 கிலோ பிடித்த கீல் அடுத்த வருடம் 2 கிலோகூடப் பிடிக்காது.

இந்தக் கீலின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் 1982-இல் வந்த கிரிட் காம்பஸ் கணினியில் போய் நிற்போம். அதற்கு முந்தைய வருடம் வந்த ஆஸ்போர்ன் 1, தூக்கிச் செல்லும் கணினி என்று பெயர் வாங்கினாலும் 11 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. திரையை மடித்து விசைப்பலகையின் மேல் கவிழ்க்கலாம் என்பதைக் காம்பஸில் செய்துகாட்டியவர் பிரிட்டன் வடிவமைப்பாளர் பில் மோக்ரிட்ஜ். மக்னீசியக் கலவை உடல், 8,000 டாலருக்கு மேல் விலை. விண்வெளி ஓடத்தில்கூடப் பறந்தது அந்தக் கணினி. அதில் கீல் பின்விளிம்பில் இல்லை, உடலின் நடுவில் இருந்தது. மூடி சின்னது, கீழ்ப்பகுதி கனமானது. கீலுக்கு அது ஒரு பொற்காலம்.

பிறகு திரைகள் பெரிதாகின, உடல் மெலிந்தது, கீல் பின்விளிம்புக்கு ஒதுங்கியது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970-இல் தொடங்கிய ரீல் பிரிசிஷன் நிறுவனம், சுருள்வில் கிளட்ச் செய்து பெற்ற அனுபவத்தைக் கீலுக்குக் கொண்டுவந்தது. தைவானில் ஷின் ஸூ ஷிங் போன்று ஸ்பிரிங் செய்து வளர்ந்த நிறுவனங்கள் கீலில் இறங்கின. லெனோவோ 2014-இல் யோகா 3 ப்ரோ கணினிக்குக் கைக்கடிகாரச் சங்கிலி போன்ற கீல் ஒன்றை 813 துண்டுகளால் செய்தது. பார்க்க அழகு. ஆனால் என் மனம் போவது அதனிடம் அல்ல. விலை குறைந்த 14 அங்குலக் கணினிக்குள் யாரும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஜோடியிடம்தான்.

கீலைச் சின்னதாக்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வாஷரின் ஆரத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்து விசையில் பிடிப்பும் பாதியாகிவிடும். ஈடுகட்ட இரண்டே வழி: அழுத்தத்தைக் கூட்டலாம், அல்லது வாஷர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அழுத்தத்தைக் கூட்டினால் தேய்மானம் வேகமாகும். எண்ணிக்கையைக் கூட்டினால் கீல் பக்கவாட்டில் நீளும். திரைக்குப் போகும் வயரும் வைஃபை ஆண்டெனா வயர்களும் அதே மூலையில் இடம் கேட்டு நெருக்கும். நல்ல வடிவமைப்பாளர் நீளத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பது என் எண்ணம். தாங்கியின் சிக்கலான வடிவங்களை இப்போது உலோகத் தூளை மெழுகுப் பிசினோடு குழைத்து, அச்சில் ஏற்றி, உலையில் சுட்டுச் செய்கிறார்கள். உலையிலிருந்து வரும்போது துண்டு ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இந்தக் கீல் கூட்டம் கூட்டமாக நுழைந்தது 2011-க்குப் பிறகு. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. பல ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பிள்ளைகளின் கைக்குப் போயின. ஒரு கணினிக்கு இரண்டு கீல் என்றால் ஒரு கோடிக்கு மேல். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக மறுபடி அறிவிப்பு வந்தது. புதுச்சேரியில் லெனோவோ ஆலை, ஸ்ரீபெரும்புதூர் அருகே 2021 முதல் ஹெச்பி மடிக்கணினித் தயாரிப்பு, 2025 ஜனவரியில் சென்னையில் சிர்மா எஸ்ஜிஎஸ் தொடங்கிய எம்எஸ்ஐ கணினிகளின் தயாரிப்பு என்று பூட்டும் வேலை நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. கீல் மட்டும் இன்னும் பெரும்பாலும் கிழக்காசியாவிலிருந்து கப்பலேறித்தான் வருகிறது.

அப்படி வந்த ஒரு கீல் கடலோரக் கீழ்புத்துப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அதற்கு அது எப்படிப்பட்ட ஊர்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டி, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தையும் தாண்டி வடக்கே போனால் வருவது. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு வேண்டுதலோடு வருபவர்களால் ஊர் பெயர் பெற்றது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இங்கே உண்டு. கிழக்கே கடல். வடமேற்கே கழுவெளி ஏரி. இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். பருவமழை ஓய்ந்து வெயில் ஏறியதும் பாத்திகளில் வேலை தொடங்கிவிடும். காற்றில் எப்போதும் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியில், சைக்கிள் செயினில், குழல்விளக்கின் பட்டியில் அதைப் பார்க்கலாம்.

உப்பு சும்மா படிந்திருந்தால் எஃகுக்குப் பெரிய கேடில்லை. ஈரம் சேரும்போதுதான் கெடுதல். சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது கைப்பழக்கமான அறிவு. உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அப்படியே வைத்து வைத்து அடுத்தடுத்து உப்பெடுத்தால், அந்த உப்பு காயாமல் நசநசவென்றே கிடக்கும். அதே மக்னீசியம் குளோரைடு கீலின் மேல் படிந்தால் அதுவும் காயவிடாது. இந்தக் கடற்கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே போகும் நேரம் அபூர்வம். ஆக, வாஷர்களின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் வருடம் முழுவதும் இருந்துகொண்டிருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படும் வகைகளிலும் குளோரைடு ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும்.

காலாப்பட்டுப் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடையில், இந்தக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவியின் கணினியைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். வலது மூலை வாயைப் பிளந்திருந்தது. நான் கீல் உடைந்துவிட்டதா என்று கேட்டேன்.

“ஹிஞ்ச் நல்லாத்தான் இருக்குண்ணே. அது உக்காந்திருந்த பிளாஸ்டிக்தான் பேத்துக்கிட்டு வந்திருக்கு” என்றார் கடையில் வேலை பார்க்கும் தம்பி.

“எதனாலப்பா?”

“இறுகிப் போச்சு. அந்தப் பொண்ணு தூக்குன வேகம் எல்லாம் இந்த ஸ்க்ரூ மேலதான் விழுந்திருக்கும்.”

அவர் நீட்டிய துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கீலின் தாங்கி முழுசாக இருந்தது. அதில் மாட்டிய சிறு ஸ்க்ரூவின் நுனியில் ஒரு பித்தளை நட்டு. அந்த நட்டைச் சுற்றி, சூடுபண்ணி அதை அழுத்திப் பதித்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் வளையம் அப்படியே பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாஷர் அடுக்கின் ஓரத்தில் கிரீஸ் காவி நிறத்தில் பசையாகப் பிதுங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மணல்போல நறநறத்தது. துரு கலந்த கிரீஸ் அது.

அவர் சொன்னதைக் கணக்கிலும் சரிபார்க்கலாம். தாங்கியின் ஸ்க்ரூ தண்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 4 கிலோ-சென்டிமீட்டர் பிடிப்புள்ள கீல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பித்தளை நட்டை ஏறத்தாழ 2.7 கிலோ விசையோடு மேலே இழுக்கிறது. துருவேறிப் பிடிப்பு 10 ஆகிவிட்டால் இழுப்பு கிட்டத்தட்ட 7 கிலோ. மூடியை நடுவில் பிடிக்காமல் மூலையில் பிடித்துத் தூக்கினால் அதில் பெரும்பங்கு ஒரே கீலுக்குப் போகும். நாளுக்குப் பலமுறை இப்படி இழுபட்டால் பிளாஸ்டிக் எத்தனை வருடம் தாங்கும்?

ஆய்வகத்தில் கீலைச் சோதிக்காமல் அனுப்புவதில்லை. 20,000 முறை, சில இடங்களில் அதற்கும் மேலே, இயந்திரக் கையால் திறந்து மூடிப் பார்ப்பார்கள். நாளுக்குப் பத்துமுறை என்றால் ஐந்தரை வருட உழைப்பு அது. துருவுக்கு வேறு சோதனை: 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புநீரைப் புகையாகத் தெளித்து மணிக்கணக்கில் வைப்பது. இரண்டும் நல்ல சோதனைகள். ஆனால் திறந்து மூடும் சோதனை பொதுவாக உலர்ந்த அறையில் நடக்கிறது. உப்புச் சோதனையில் கீல் அசையாமல் கிடக்கிறது. மரக்காணம் கரையில் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. காலையில் திறக்கும்போது வாஷர் உப்பீரத்தை உள்ளே இழுக்கிறது, மாலையில் மூடும்போது அதை அரைக்கிறது. முதலில் சில நாள் உப்புப் புகை, பிறகு சில ஆயிரம் சுழற்சி, மறுபடி உப்புப் புகை என்று மாற்றி மாற்றிச் சோதித்தால் எது நிற்கும் எது நிற்காது என்று தெரிந்துவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும்.

லட்சக்கணக்கில் ஒரே ஆணையில் வாங்கும் அரசு கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது. ஒப்பந்த நிபந்தனையில் திரையின் அளவு, நினைவகம், மின்கலம் எல்லாம் இடம்பெறுகின்றன. கீலுக்கும் சில வரிகள் எழுதுவது கடமை என்றே நினைக்கிறேன். பித்தளை நட்டு பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கக் கூடாது. ஓர் உலோகத் தகட்டில் இருக்க வேண்டும். இறுக்கும் நட்டு ரிவெட் அடித்து அடைக்கப்படாமல், மூடியைக் கழற்றியதும் கைக்கு எட்ட வேண்டும். இடது, வலது கீல் ஜோடி உதிரியாக, அறிவித்த விலையில் கிடைக்க வேண்டும். இதெல்லாம் நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் தன் மடிக்கணினிக்கு 3.3 கிலோ, 4 கிலோ என்று இரண்டு வகைப் பிடிப்பில் கீல்களைத் தனியே விற்றிருக்கிறது. வாங்கியவர் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி விற்பவர் அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கான மதிப்பெண்ணைக் காட்டியாக வேண்டும். இந்தியாவிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை ஒன்றிய அரசு தொடங்கியது.

அந்த மாணவியின் கணினிக்கு அன்று கிடைத்தது கடைத் தம்பியின் கைவைத்தியம். வாஷர் அடுக்கைப் பெட்ரோலில் கழுவினார். துணியால் துடைத்து, புது கிரீஸ் வைத்து, நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். தண்டைக் குறட்டில் பிடித்துத் திருப்பிப் பார்த்து இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். அதிகம் தளர்த்தினால் திரை படுத்துவிடும் என்பதால் அந்தக் கடைசி அசைவில் அவ்வளவு நிதானம். பெயர்ந்த இடத்தில் பிளாஸ்டிக்கை ஊடுருவத் துளைபோட்டு, அடியிலிருந்து ஒரு மெல்லிய போல்ட்டை ஏற்றி, சுற்றிலும் எபாக்சி பசை நிரப்பினார். அடிப்பக்கம் போல்ட்டின் தலை வெளியே தெரிந்தது. ஆலையில் வந்த பித்தளை நட்டைவிட அது உறுதியாக நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இடது கீல் அவருக்குத் திருப்தியாக இல்லை. அலமாரிக்கு அடியிலிருந்த டப்பாவைக் கவிழ்த்தார். மதர்போர்டு செத்துப்போன கணினிகளிலிருந்து கழற்றி வைத்த கீல்கள் அதில் கிடந்தன. ஒரே நிறுவனத்தின் கணினியென்றாலும் மாடலுக்கு மாடல் தாங்கியின் வளைவும் துளைகளின் இடமும் வேறு. வலதை இடதுக்குப் போட முடியாது. நான்கைந்தை எடுத்து ஒவ்வொன்றாகத் துளைமேல் துளை வைத்துப் பார்த்தார். ஒன்று பொருந்தியது. அதையும் பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, வலது கீலின் பிடிப்புக்கு இணையாக முறுக்கிப் பூட்டினார்.