ஈரெண் கடிகாரமும் எண்முறையின் உரிமையும்

முள்ளும் இல்லை, எண்தட்டும் இல்லை. வரிசையாய்ச் சில சிறு விளக்குகள் மட்டுமே. சில எரிகின்றன, சில அணைந்துள்ளன. இதனை ஈரெண் கடிகாரம் என்பர். கணினி நிரல் பயிலும் மாணவர் பலர் இதனைப் பயிற்சியாக ஆக்கிப் பார்ப்பது உண்டு. ஆக்குவது எளிது. இதற்கு அடிப்படையான எண்முறை யாருடையது என்னும் வினாவுக்கு விடை கூறுவதோ அத்துணை எளிதன்று.

செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1679ஆம் ஆண்டிலேயே 0, 1 ஆகிய இரு குறிகளால் எண்களனைத்தையும் எழுதிக் கணக்கிடும் முறையைக் குறிப்பாக வரைந்தார். உருண்டைகள் துளைவழி விழுந்து கணக்கிடும் பொறி ஒன்றையும் அதிலேயே கற்பனை செய்தார். 1701இல் பீக்கிங்கிலிருந்த இயேசு சபைத் துறவி பூவே, சீனரின் இ ஜிங் நூலுக்குரிய 64 உருவங்களை அவருக்கு அனுப்பினார். அம்மடல் 1703 ஏப்ரலில்தான் அவர் கைக்கு எட்டிற்று. ஒவ்வோர் உருவத்திலும் ஆறு கோடுகள். ஒரு கோடு முழுமையாய் இருக்கும், அன்றேல் இடையில் முறிந்திருக்கும். முறிந்ததை 0 எனவும் முழுமையை 1 எனவும் கொள்ள, 0 முதல் 63 வரை ஒழுங்காய் அமையக் கண்டு லைப்னிட்ஸ் பெருமகிழ்வு எய்தினார். பாரிசு அறிவியற் கழகத்திற்கு அவ்வாண்டே எழுதிய கட்டுரையிலும் அதனைச் சேர்த்தார்.

இதுகொண்டு ஈரெண் கணிதம் சீனம் தந்தது என்பாரும் உளர். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் அக்கூற்று நில்லாது. குறிப்பு எழுதி 24 ஆண்டுகள் கழிந்த பின்னரே மடல் வந்தது. லைப்னிட்ஸே முதல்வர் என்பதும் பொருந்தாது. 1621இல் மறைந்த ஆங்கிலேயர் தாமஸ் ஹேரியட்டின் அச்சேறாத தாள்களில் இம்முறை காணப்படுகிறது. வேண்டுமாயின் நாமும் உரிமை கொண்டாடலாம்! நேர், நிரை என்னும் இரண்டே அசைகளால் ஈரசைச்சீர் நான்கும் மூவசைச்சீர் எட்டும் வகுத்தது நம் யாப்பு. ஆயினும் இரண்டிரண்டாய் வகுப்பது வேறு, எண்ணாய்க் கொண்டு கூட்டிப் பெருக்குவது வேறு. இவ்வேறுபாட்டை மறைத்துப் பெருமை பேசுவது யாப்புக்கும் சிறப்பன்று.

லைப்னிட்ஸ்கூட இதனை அன்றாட வழக்குக்குப் பரிந்துரைத்தாரல்லர். மின்சுற்றின் திறப்பையும் மூடலையும் கொண்டு ஈரெண் கூட்டலை நிகழ்த்தலாம் என 1937இல் கிளாடு ஷானன் தம் முதுநிலை ஆய்வேட்டில் காட்டிய பின்னரே அம்முறை பொறிக்குள் உறுதியாய்க் காலூன்றியது.

இனிக் கடிகாரத்தை நோக்குவோம். மணிக்கு ஐந்து விளக்குகள், நிமிடத்துக்கு ஆறு. வலக்கோடியிலிருந்து அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும். மணி வரிசையில் 8உம் 2உம், நிமிட வரிசையில் 32உம் 4உம் 1உம் எரிந்தால் 10 மணி 37 நிமிடம். நிரல் செய்வதும் இதுவே: 37ஐ இரண்டால் வகுத்து மீதியை வலக்கோடி விளக்குக்கு அளித்து, ஈவை மீண்டும் வகுத்து அடுத்த விளக்குக்கு என, ஈவு சுழியாகும்வரை செல்லும். பதின்ம இலக்கம் ஒவ்வொன்றையும் தனித்தனி நிரையில் காட்டும் கடிகாரங்களும் உள்ளன. அவை படிக்க எளியவை. எனக்கோ பாதிவழியில் நின்ற சமரசமாகவே தோன்றுகின்றன.

ஆறு விளக்குகளால் 64 நிலைகளைக் காட்டலாம். பூவே அனுப்பிய உருவங்களின் எண்ணிக்கையும் அதுவே. நிமிடமோ 59உடன் முடிகிறது. ஆகவே 60 முதல் 63 வரையான நான்கு நிலைகளும் ஒருபோதும் தோன்றலாகா. தோன்றினால், 59க்குப் பின் சுழிக்குத் திரும்புமாறு நிரலில் எழுத மறந்துவிட்டனர் என்று அறியலாம்.