பதிவேடும் உரிமையும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்கள் பல்லாயிரவர் புத்தளம், கற்பிட்டிக் கரைகளில் தஞ்சம் புகுந்தனர். வீட்டோடு காணி உறுதியையும் விட்டுவந்தோர் பலர். பதிவேடு தொலைந்தால் உரிமையும் ஆட்டங்காணும் என்பதை இக்கரை அன்றே கற்றது.

இன்று அரசின் பதிவேடுகள் கணினிக்குள் குடியேறுகின்றன. ஒரே கணினியைப் பல மெய்நிகர்க் கணினிகளாகப் பகுத்தாளும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே உருவாக்கியது, 1999இல் வி.எம்.வெயர் அதனை மேசைக் கணினிக்கும் கொணர்ந்தது. ஒரு கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள், செலவு சிக்கனம். ஆயின் கூரை தீப்பற்றினால் அனைவர்க்கும் கேடன்றோ?

இம்முறையை அடித்தளமாகக் கொண்டதே மேகக் கணிமை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. தனித்து வைத்த பிரதி இல்லாமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவேயில்லை.

கணினியைப் பகுப்பது தொழில்நுட்பம். பிரதியைப் பிறிதோரிடத்தில் பேணுவதும், அதிலிருந்து மீட்க இயலுமா என அடிக்கடி சோதிப்பதும் ஆள்வோர் கடமை. பதிவேடு அரசின் சொத்தன்று. மக்களின் உரிமைச் சான்று.