பொருநைக் கரையில் பெண்துயர்: கிளாரிந்தா முதல் முத்துமீனாட்சி வரை

பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று மக்கள் வழங்கும் பழைய தேவாலயம் ஒன்று உண்டு. 1785-ஆம் ஆண்டு அதனைக் கட்டுவித்தவர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த மராத்திய அந்தணக் கைம்பெண் ஒருவர். கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்த அவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி காத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வதிகாரியுடன் அவர் பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார்.

தீயிலிருந்து மீண்டதோடு அவருடைய துன்பம் தீர்ந்துவிடவில்லை. பிறந்த சமூகத்தின் கதவு அவருக்கு அடைபட்டது. மணமின்றி அதிகாரியுடன் வாழ்ந்தமையால், அவர் விரும்பிய திருமுழுக்கை அளிக்கச் சுவார்ட்ஸ் பாதிரியாரும் முதலில் இசையவில்லை. லிட்டில்டன் மறைந்த பின்னர், 1778-இல்தான் கிளாரிந்தா என்னும் பெயருடன் அது நிகழ்ந்தது. தம் வாழ்வைத் தாம் தேர்ந்துகொள்ளாத ஒரு பெண், அவ்வாழ்வுக்காக இருபுறமும் குற்றவாளியாக நின்றார் என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள். அவரோ கோயில் எழுப்பினார். நெல்லைச் சீமையின் தொடக்ககாலக் கிறித்தவச் சபைக்குத் தூணாக விளங்கினார்.

உடன்கட்டை வழக்கம் 1829-இல் வங்காளத்திலும், 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1856-இல் கைம்பெண் மறுமணம் சட்டப்படி செல்லுபடியாயிற்று. கல்கத்தாவில் சிறுமி மனைவி ஒருத்தி கணவனின் வல்லுறவால் உயிரிழந்தமை நாட்டை உலுக்க, 1891-இல் உறவுக்கு இசையும் வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. எனினும் இச்சட்டங்கள் பிணத்தையும் சிதையையும் கண்டனவேயன்றி, அடுக்களையில் நாள்தோறும் நிகழ்ந்ததைக் காணவில்லை.

அதனைக் கண்டவர் திருநெல்வேலியை அடுத்த பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அ. மாதவையா. 1892-இல், இருபது வயதில், 'விவேகசிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்னும் தொடரை அவர் எழுதத் தொடங்கினார். அது இடையில் நின்றுபோயிற்று. 1903-இல் 'முத்துமீனாட்சி' என்னும் பெயரில் நூலாக முழுமை பெற்றது. குழந்தை மணம், புகுந்த வீட்டுக் கொடுமை, கைம்மை, மறுமணம் என விரியும் அக்கதையை ஒரு பெண்ணே தன் வரலாறாகச் சொல்கிறாள். அந்நாளில் துன்புறும் பெண்ணைப் பற்றிப் பிறர் இரங்கிப் பேசியதுண்டு. அவளே பேசுவதாக எழுதியது துணிவான செயலாகும். இரக்கத்துக்குரிய பொருளாக இருந்தவள் சாட்சி சொல்பவளாக மாறினாள்.

1898-இல் வெளிவரத் தொடங்கிய 'பத்மாவதி சரித்திர'த்திலோ, கற்ற கணவனின் ஐயமே குற்றமற்ற மனைவியை வதைக்கிறது. கல்வி பெற்ற ஆடவனும் இக்கொடுமைக்கு விலக்கல்லன் என்பதை மாதவையா மறைக்கவில்லை. பாளையங்கோட்டைப் பெண்மணியின் வரலாற்றையும் அவர் மறக்கவில்லை. அதனை அடியொற்றி 1915-இல் 'கிளாரிந்தா' என்னும் ஆங்கில நாவலை எழுதினார். ஒரே ஆற்றங்கரையின் இரு வரலாறுகள் அவர் எழுத்தில் இவ்வாறு இணைந்தன.

மாதவையா 1925-இல் மறைந்தார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929-இல் வந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலும், மணமான பெண்ணைக் கணவனும் அவன் உறவினரும் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கிய சட்டத்திருத்தம் 1983-இலும் வந்தன. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே, அடி உதையோடு சொல்லால் இழிவுபடுத்துதலையும், மனத்தை வருத்துதலையும், பொருளை மறுத்தலையும் வன்முறை என வரையறுத்தது. 'முத்துமீனாட்சி' நூலாகி அதற்குள் நூற்றிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்விடைவெளி எண்ணிப் பார்க்கத்தக்கது. வழக்கம், மானம், விதி என்னும் சொற்களின் பின்னே மறைந்திருக்கும்வரை வன்முறையை எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. அத்திரையை விலக்கும் பணி முதலில் மொழியினுடையது. 'இது குடும்ப விவகாரம்' என்று சொல்லி அண்டை வீட்டார் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஆகவே அப்பணியும் முடிந்துவிடவில்லை.