கண்ணுக்குப் புலனாகும் புற்றுநோய்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நாம் மரணத்தையே எண்ணி அஞ்சுகிறோம். ஆயினும் சருமத்தில் தோன்றும் புற்றுநோயின் வரலாறு நம்பிக்கை அளிப்பதாகும். ஏனெனில், அது பெரும்பாலும் நம் கண்ணெதிரே தோன்றுவது.

1775-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ரண வைத்தியர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தோரின் சருமப் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் எனக் காட்டினார். 1866-இல் காஷ்மீரத்தில் எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர், குளிர் காய மக்கள் உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனற்சட்டியின் சூட்டுத் தழும்பிலே புற்று எழுவதைப் பதிவு செய்தார். நெடுநாள் ஆறாத புண் அலட்சியப்படுத்தத் தக்கதன்று என்பதை உலகம் இவ்வாறு கற்றது.

சருமப் புற்றுகளில் கொடியது மெலனோமா எனப்படும் கரும்புற்று. அது தோலில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதைக் கொண்டு நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என 1970-இல் அமெரிக்க மருத்துவர் பிரெஸ்லோ நிறுவினார். அந்நாட்டுக் கணக்கின்படி, நோய் தோன்றிய இடத்திலேயே அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டோர், ஏனையோருடன் ஒப்பிடுகையில், நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ, ஏறத்தாழ 35 பேரே. மற்ற இருவகைச் சருமப் புற்றுகளும் தொடக்கத்தில் அகற்றப்பட்டால் பெரும்பாலும் குணமாகின்றன.

சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. அச்சென்னையிலே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அயரா முயற்சியால் 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் பிறந்தது. பின்னர்த் திருப்பதியிலேயே, 1993-இல் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையமும், 2022-இல் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனையும் தொடங்கப்பெற்றன. மருத்துவமனையின் தூரம் குறைந்துவிட்டது. நாம் செய்யும் தாமதமும் குறைந்தாலன்றி அதனால் முழுப் பயன் விளையாது.

கருநிறத் தோலுக்கு இந்நோய் வாராது என்பது தவறான எண்ணம். நம்மவரிடம் கரும்புற்று பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ ஒளிந்து தோன்றுவதால், காலங்கடந்தே கவனிக்கப்படுகிறது. திருமலைக்கு வெறுங்காலுடன் படியேறுகிறோம். முடிக் காணிக்கையும் செலுத்துகிறோம். அப்பொழுது உள்ளங்காலில் மாறிவரும் கரும்புள்ளியோ, தலையில் பல வாரங்களாக ஆறாத புண்ணோ தென்பட்டால், களிம்பு தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குணமடைந்தோரும் உரிய காலங்களில் மறுபரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். நீண்ட ஆயுளுக்கு அதுவே வழி.