மஞ்சாடி விதையும் சிங்கப்பூர்ச் சிற்பக்கலையும்

அன்றாடப் பொருளைக் கலைப்படைப்பாக்கும் வழக்கை, 1917இல் மார்சல் டுஷாம் நியூயார்க் காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்ப் பீங்கானிலிருந்து தொடங்கிக் கூறுவர் கலைவரலாற்றாசிரியர். கலைஞரின் தேர்வே பொருளுக்கு மதிப்பளிக்கிறது என்பது அதன்வழிப் பெறப்படும் கருத்து. சிங்கப்பூர்ச் சிற்பி குமாரி நாகப்பனின் படைப்புகளுக்கு இக்கருத்து முழுமையாகப் பொருந்தாது எனக் கருதுகிறோம்.

கிள்ளானில் பிறந்த இவர், 2013ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் ஈராண்டுக் கலைக்காட்சியில் 'அனாஹதா' என்னும் படைப்பை மஞ்சாடி விதைகளைக் குவித்து அமைத்தார். மலாய் மொழியில் 'சாகா' எனப்படும் இவ்விதை பொன் நிறுக்கப் பயன்பட்டது. தமிழர் நிறுத்தலளவையில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடியாகும். இன்று சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் மின்தராசே பொன்னை நிறுக்கிறது. விதையோ மரத்தடியில் சிறுவர் பொறுக்கும் விளையாட்டுப் பொருளாக எஞ்சியுள்ளது.

சாங்கி விமான நிலையத்திலுள்ள இவரது வெண்கலச் சிற்பம் அவ்விதையின் வடிவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. குவியலோ விதையையே முன்வைக்கிறது. அதன் மதிப்பு கலைக்கூடத்தில் பிறந்ததன்று; முன்னரே மக்கள் கையில் இருந்தது. மஞ்சாடி என்னும் அளவைப்பெயரை நாம் கற்பிக்காவிடின், மாணவர் அங்குக் காண்பது செந்நிறம் ஒன்றையே.