முன்குறியும் கைரேகையும்: சாம்பியன் ரீப்ஸின் துப்பாக்கிகள்

கோலார் தங்கவயலின் வரலாற்றைச் சுரங்கத்தின் ஆழத்தைக் கொண்டே பலரும் அளப்பர். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அதே வயலில், தரைக்கு மேலே, கோலார் தங்கவயல் பட்டாலியன் என்னும் துணைப்படைப் பிரிவும் இருந்தது. 1920ஆம் ஆண்டுத் துணைப்படைச் சட்டத்தின்படி ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியருமே அத்தகைய பிரிவுகளில் சேர முடியும். பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளருக்கு அதில் இடமில்லை.

அக்காலப் பிரித்தானிய இந்தியப் படைகளின் பொதுத் துப்பாக்கி .303 லீ-என்ஃபீல்டு. வங்காளத்தின் இச்சாப்பூரிலும் அது செய்யப்பட்டது. அதன் குழல்முனையில் உள்ள முன்குறித் தகட்டை மரையாணி எதுவும் பிடித்திருப்பதில்லை. அடி அகன்றும் மேல் குறுகியும் வெட்டப்பட்ட புறாவால் பள்ளத்தில், இறுக்கத்தாலேயே அது நிற்கிறது. பக்கவாட்டில் நகர்த்திக் குறியைச் சரிசெய்வதற்கே இந்த அமைப்பு. பள்ளம் தேய்ந்தால் அந்த வசதியே குறையாகிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 49 செ.மீ. முன்குறி அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தாலே, 100 மீட்டரில் குண்டு சுமார் 10 செ.மீ. வலப்பக்கம் விலகும்.

பழுதுபார்க்கும் முறை எளியது, பொறுமை வேண்டுவது. தகட்டைக் கழற்றி, பள்ளத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவர். பள்ளத்தின் தரையில் சென்டர் பஞ்சால் சில புள்ளிகள் குத்தினால், அவற்றைச் சுற்றி உலோகம் சற்றே மேலெழும். அவ்வெழுச்சி தகட்டை இறுக்கும். தளர்ச்சி மிகுதியானால் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைப்பர். தகட்டைப் பித்தளைக் கோலால் மெல்லத் தட்டி ஏற்றிய பின், சுட்டுப்பார்த்துக் குறியைச் சரிசெய்து, இணைப்பின்மேல் ஒரு புள்ளி குத்துவர். பிறகு தகடு நகர்ந்தால் அப்புள்ளியே காட்டிக்கொடுக்கும்.

தமிழில் 'குறி' என்பது இலக்கையும் அடையாளத்தையும் ஒருங்கே சுட்டும். தங்கவயலில் இவ்விரு பொருளும் இரு சாராரிடையே பிரிந்து கிடந்தன. குறிபார்க்கும் உரிமை துணைப்படையினரிடம் இருந்தது. தொழிலாளரிடம் கேட்கப்பட்டதோ அடையாளம். கைரேகை பதித்துப் பதிவுசெய்யும் ஆணையை எதிர்த்து 1930இல் அவர்கள் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது.

1947இல் துணைப்படை கலைக்கப்பட்டது. 2001இல் சுரங்கங்களும் மூடப்பட்டன. தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் கூலிப் பதிவேட்டோடு படைக்கலப் பதிவேட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிழையையும் பொறுக்காத அத்துப்பாக்கிகள் யாருக்கு எதிராகப் பிழையின்றி வைக்கப்பட்டிருந்தன என்னும் வினா அப்போதுதான் முழுமையாக எழும்.